துடக்கில்லாத பிள்ளைகள்

சிவாஜினிக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். அது சுத்தப் பொய். மூக்கு நுனியில் வந்து நிற்கிற பொறுமையெல்லாம் அவளின் கோபத்துக்குக் கிடையாது. புறப்பட்டால் நேரே வாய்க்குத்தான். ஆனால் வில்லரேயில் அவள் வேலை செய்கிற கார்டெரியில் போய்க் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் நம்ப மாட்டார்கள். தாய்தகப்பன் வேலைக்குப் போகிற சின்னப் பிள்ளைகளைப் பகல் முழுக்க வைத்துப் பார்க்கிற இடம் அது. பனிக்காலத்தில் ஒரு அறைப் பிள்ளைகள் முழுப்பேருக்கும் பனியுடுப்பு, பூட்ஸ், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி அவள் வெளியே கொண்டுபோய் விட்டிருப்பாள். பக்கத்து அறை ரீச்சர் அப்போதும் முதல் பிள்ளையின் உடுப்பு ஸிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பா. பிள்ளைகளோடு சிவாஜினி ஒருநாளும் சத்தம் போட்டது கிடையாது. சத்தமெல்லாம் வளர்ந்த ஆட்களுக்கென்று சேர்த்து வைத்திருக்கிறாள்.

அவள் அருளம்பலத்தின் மகள். பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிற பழைய யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அந்த மனுசனைத் தெரியும். ஒருநாள் தடிமன் காய்ச்சல் என்று படுக்காத ஆள். தெருவிலிருந்து நேரே மேல்மாடிக்கு ஏறுகிற இரும்புப் படியில், தோளில் அரிசி மூட்டையோடு ஏறிக்கொண்டு போனவர், பாதியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் குந்தி இருந்தார். இருந்தவர் எழும்பவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்துநான்கு வயது. சிவாஜினி பள்ளிக்கூடப் பிள்ளை.

அவர் மட்டுமில்லை. அவரின் தம்பியும் அப்படித்தான் போனார், ஊரில் அவர்களின் தகப்பனும் அப்படித்தான் போயிருந்தார். அந்த வீட்டு ஆம்பிளைகள் ஒருவரும் ஐம்பதைக் கண்டதில்லை. சொந்தக்காரரிடம் ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு நியாயம் இருந்தது. அருளம்பலத்துக்கு நாட்டு யோசனை. தம்பிக்கு இரண்டு வேலை செய்த களைப்பு. தகப்பனுக்கு ஆரோ வேலிச்சண்டைக்காரன் வைத்த செய்வினை. "கிடந்து அழுந்தாமல், ஒருத்தருக்கும் பாரமில்லாமல் போய்ச்சேந்த புண்ணியவான்கள்" என்று அதிலும் ஒரு பெருமை! சாவிலும் பெருமை தேடுகிற சனம் நாங்கள், எங்களை என்ன செய்வது?

இரண்டு வருஷத்துக்கு முந்தின தை மாதம் இந்த நியாயமெல்லாம் உடைந்தது. சிவாஜினியின் தமையன் றூபனுக்குப் பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. இரவு முழுக்கப் பனி கொட்டி, விடிய நகரசபை மெஷின் தெருவை வழித்து, அந்தக் கட்டிப் பனியை அவன் வாசலிலேயே குவித்துவிட்டுப் போயிருந்தது. காரை எடுக்க வேண்டுமே என்று சவளால் அள்ளிக்கொண்டு நின்ற றூபன், சவளோடு சரிந்து விழுந்தான். குசினி யன்னலால் கண்ட மனுசி சர்மிளா செருப்பும் போடாமல் ஓடிவந்து அம்புலன்சைக் கூப்பிட்டாள். அவனுக்கு அப்போது நாற்பத்தொன்று. நல்லகாலம், ஆள் தப்பிவிட்டான். இரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் வலைக்குழாய் வைத்து அடைப்பைத் திறந்து அனுப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து அவனைப் பார்த்த டொக்டர் ஒரு கியூபெக் மனுசி. நரைத்த தலை, கூர்மையான கண். நெஞ்சைச் சோதித்த கையோடு "சப்பாத்தையும் காலுறையையும் கழற்றுங்கள்" என்றா.

"டொக்டர், வருத்தம் நெஞ்சிலயெல்லோ?" என்று றூபன் கேட்டான்.

டொக்டர் குனிந்து அவனின் குதிக்கு மேலே இருக்கிற தடித்த நாணை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தா. றூபனுக்கு அந்த இடம் கனகாலமாகவே தடிப்புத்தான். எந்தப் புதுச் சப்பாத்தும் அங்கே உரஞ்சும். அங்கே படிந்திருந்தது கொலஸ்ட்ரோல் என்று டொக்டர் சொன்னா. தின்றதால் வந்ததில்லை. இறைச்சி, எண்ணெய், முட்டை ஒன்றிலும் குற்றமில்லை. பிறக்கும்போதே இரத்தத்தோடு வந்தது. கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து எடுத்து அகற்றுகிற வேலையை ஈரல் ஒழுங்காகச் செய்யாது. தாயிலோ தகப்பனிலோ ஒருவருக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் விடலாம், சரிபாதி. கியூபெக் குடும்பங்களிலும் இது நிறைய உண்டு என்றா. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான கதை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதிலேயே இரத்தக்குழாயின் சுவர் மெல்ல மெல்லத் தடிக்கத் தொடங்கிவிடும். பிள்ளைக்கு ஒரு நோவும் இராது, ஒரு சிலமனும் தெரியாது. அந்த வயதிலேயே கண்டுபிடித்தால் மருந்து கொடுத்து மறித்துப் பிடிக்கலாம்.

"உங்கள் இரத்த உறவுகள் எல்லோரையும் அனுப்புங்கள். பிள்ளைகளை முதலில்" என்றா.

றூபன் வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லும்படி புஷ்பவதி மாமிக்குப் போன் எடுத்தான். தங்கச்சிக்கும் மாமி சொல்லிவிடுவா என்று இருந்துவிட்டான். அங்கேதான் பிழை நடந்தது.

புஷ்பவதி மாமி அருளம்பலத்தின் அக்கா. மொன்றியலில் அந்தக் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால் முதல் போன் அவவுக்குத்தான் போகும். யார் யாருக்குத் துடக்கு, யார் எத்தனை நாள் கோயிலுக்குப் போகக்கூடாது, யார் வீட்டுக் கலியாணத்தைத் தள்ளிவைக்க வேண்டும் எல்லாம் அவவின் நாக்கு நுனியில். துடக்கு என்றால் தெரியும்தானே, சாவு விழுந்த வீட்டுச் சொந்தங்களுக்கு வருகிற தீட்டு. அது ஆண்வழியில் ஓடும். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு முழுத் துடக்கு. கட்டிக் கொடுத்த மகள் புருஷன் வீட்டு ஆளாகிவிடுவாள், பிறந்த வீட்டுச் சாவுக்கு அவளுக்கு ஒப்புக்கு ஒரு சின்னத் துடக்கு. அவளின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. மாமியிடம் போய் "இரத்தச் சொந்தம் எல்லாரையும் கூப்பிடுங்கோ" என்றால் அவ வேறு யாரைக் கூப்பிடுவா? துடக்குக்காரர் எல்லாரையும் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டா.

சிவாஜினிக்கு இது தெரியவந்தது ஜான்-டலோன் சந்தையில். சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள் சர்மிளா. முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்டர்.

"என்ன மச்சாள், கையில?"

"நேற்று இரத்தம் குடுத்தனான். இவற்ர வருத்தம் சொந்தக்காரருக்கும் இருக்கோ எண்டு பாக்கினமெல்லோ. நிருஷா குடுத்திட்டாள், அனுஜன் குடுத்திட்டான், அவன்ர மனுசியும் குடுத்தவ. உங்களுக்கு எப்ப?"

நிருஷா றூபனின் மகள். அனுஜன் செத்துப்போன சித்தப்பாவின் மகன். சிவாஜினி கத்தரிக்காயைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. நீங்கள் ஏன் மச்சாள் குடுத்தனீங்கள்? நீங்கள் வேற ஆக்களெல்லோ?"

"எனக்கென்ன தெரியும்? மாமி போகச் சொன்னவா, போனன். அங்க நேர்ஸும் ஒருமாதிரித்தான் பாத்தவ."

தமையனுக்கு வந்த வருத்தத்துக்கு, எங்கேயோ பிறந்து வளர்ந்து வந்தவளிடம் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். கூடப்பிறந்தவளை ஒரு நாய்கூடத் தேடவில்லை! சிவாஜினிக்குக் கொதி உச்சந்தலைக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் கிடந்த தமையனுக்கு நாள் தவறாமல் சூப் காய்ச்சிக் கொண்டுபோனவள் அவள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடின தசையைக் கணக்கில் விட்டுவிட்டார்களே! மரக்கறி ஒன்றும் வாங்காமல் மெட்ரோ பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, மாமி வீட்டுக் கதவைத் தட்டினாள். அது தட்டினதா இடித்ததா என்பது வேறு கதை.

"வா பிள்ளை. தேத்தண்ணி குடிக்கிறியே?"

"தேத்தண்ணி கிடக்கட்டும். அண்ணையின்ர வருத்தத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டனீங்களாம். எனக்கேன் சொல்லேல்லை?"

மாமி ஆறுதலாகக் கதிரையில் இருந்தா. அவவின் குரலில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. "உனக்கு என்னத்துக்குப் பிள்ளை? டொக்டர் கேட்டது இரத்தச் சொந்தத்தை. நீ கட்டிப்போனனி. உனக்கு முழுத் துடக்கில்லை. அதுவும் நீ போனது வேதக்காரர் வீட்டை. அவைக்குத் துடக்கெண்டால் என்னெண்டே தெரியாது."

சிவாஜினியின் புருஷன் கிறிஸ்தோப்பர் கத்தோலிக்கப் பொடியன். அந்தக் கலியாணத்துக்கு வந்து அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனவ மாமி. அது நடந்து பதினாலு வருஷமாகியும் அவளின் மகனை "கிறிஸ்தோப்பரின்ர பொடியன் எப்பிடி?" என்றுதான் கேட்பா. கேட்காமல் விட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"அப்ப சர்மிளா?"

"அவள் எங்கட வீட்டுக்கு வந்தவள். அவளுக்கு முழுத் துடக்கு."

"மாமி! அவளின்ர உடம்பில எங்கட இரத்தம் எங்கால வந்தது? தாலிக்கொடியால ஏறினதோ?"

"முறை அதுதானேடி."

"வருத்தத்துக்கு முறை தெரியுமே? இவள் கட்டிப்போட்டாள், இனி இவளிட்டைப் போகக்கூடாது எண்டு அது வாசலில நிண்டு யோசிக்குமே?"

"கத்தாத. கீழ்வீட்டுக் கிரேக்கன் பொலிசைக் கூப்பிடுவான்."

"கூப்பிடட்டும்! அப்பா செத்த அண்டைக்கு நான் சின்னப் பிள்ளை, அப்ப எனக்கு முழுத் துடக்கு இருந்ததுதானே? ஒருத்தனைக் கலியாணம் கட்டினவுடன அவர் எனக்கு அப்பா இல்லாமல் போட்டாரோ? நான் அருளம்பலத்தின்ர மகள் எண்டால், என்ர கீர்த்திகன்…"

அந்த இடத்தில் அவளின் வாய் நின்றது. அதுவரைக்கும் தன்னை விட்டுவிட்டார்கள் என்ற ரோசம்தான் அவளுக்கு. இப்போதுதான் மகனின் முகம் வந்து முன்னால் நின்றது. அவனுக்கு ஒன்பது வயது. மாமியோடு சண்டையை அப்படியே போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தாள்.

கீர்த்திகன் ஊதினால் பறக்கிற பொடியன். சோறு பூனைக்கு வைத்ததுபோலத் தின்பான். பனிக்காலத்தில் பூங்கா ஐஸில் ஹொக்கி, வெயிலுக்குச் சைக்கிள், ஒரு இடத்தில் இருக்கமாட்டான். அவனுக்கு என்ன கொழுப்பு வரப்போகிறது என்று கிறிஸ்தோப்பரும் முதலில் சிரித்தான். மனுசியின் முகத்தைப் பார்த்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ யோசிக்காத. திங்கட்கிழமை மூண்டு பேரும் போவம்" என்றான். "உங்களுக்கென்னத்துக்கு?" என்று கேட்டாள். "எனக்கு இரத்தம் எடுக்க இல்லை. உன்ர கையைப் பிடிக்க" என்றான். நல்ல பொடியன். மாமி சாப்பிடாமல் போன கலியாணம், ஆனால் குறை சொல்ல ஏலாத கலியாணம்.

இரத்தம் கொடுத்தார்கள். முடிவு வந்தது. சிவாஜினிக்கும் இருந்தது. கீர்த்திகனுக்கும் இருந்தது.

அதே டொக்டர்தான். கீர்த்திகனைப் படுக்க வைத்து, கழுத்தில் குளிர்ந்த ஜெல்லியைப் பூசி, சின்னக் கருவி ஒன்றை அதன்மேல் வைத்து மெல்ல நகர்த்தினார்கள். ஊசியுமில்லை, நோவுமில்லை. அவனுக்குக் கூச்சம், நெளிந்து நெளிந்து சிரித்தான். திரையில் கறுப்பும் சாம்பலுமாய் இரண்டு கோடு. "அம்மா, இது நானா?" என்று கேட்டான். "ஓம் ராசா, உன்ர கழுத்துக்குள்ளதான்" என்றாள். சிவாஜினிக்கு அந்தக் கோட்டில் ஒன்றும் விளங்கவில்லை. டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டியதைவிடச் சுவர் கொஞ்சம் தடிப்பு. மிகக் கொஞ்சம்" என்றா டொக்டர். "பயப்பட வேண்டாம் மதாம். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தொடங்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். நீங்கள் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள்."

கட்டிலில் கால் ஆட்டிக்கொண்டிருக்கிற இந்தச் சின்ன உடம்புக்குள், அரிசி மூட்டையோடு படியிலேயே போய்ச்சேர்ந்த அப்பாவின் வருத்தம் ஏற்கனவே வேலையைத் தொடங்கியிருக்கிறது! சிவாஜினி அன்று சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. கார் வீட்டை நெருங்கியதும் ஒரேயடியாக அழுதாள். அழுகைக்கு நடுவில் கிறிஸ்தோப்பரிடம் சொன்னாள்: "எல்லாரும் என்னைக் கணக்கில விட்டாலும், அப்பா விடேல்லை பாத்தீங்களே. தன்ர மகளெண்டு எழுதிக் குடுத்திட்டுத்தான் போயிருக்கிறார்." கவலை பாதி, பெருமை பாதி. இப்படியொரு பெருமை அந்த ஆஸ்பத்திரிக்காரருக்கு விளங்காது. எங்களுக்கு விளங்கும்.

அழுது முடிந்து முகம் கழுவியதும் அவளுக்கு மற்றப் பிள்ளைகளின் நினைவு வந்தது. குடும்பத்தில் கட்டிக் கொடுத்த பெண்கள் எத்தனை பேர்! மொன்றியலில் இருக்கிறார்கள், லாவாலில் இருக்கிறார்கள், ரொறன்ரோவில் இருக்கிறார்கள். அத்தனை பேரின் பிள்ளைகளும் துடக்கில்லாத பிள்ளைகள். ஒருவரும் இரத்தம் கொடுக்கவில்லை. கீர்த்திகனைப்போல எத்தனை குஞ்சுகளின் கழுத்துக்குள் சத்தமில்லாமல் சுவர் தடித்துக்கொண்டிருக்கிறதோ, யார் கண்டது?

முதலில் அனுஜனின் தங்கச்சி துஷாந்தினிக்குப் போன் எடுத்தாள். தமையனுக்குச் சோதித்துவிட்டார்கள், இருக்கிறது. தங்கச்சிக்குச் சோதிக்கவில்லை, அவள் கட்டிப்போனவள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"வேண்டாம் அக்கா" என்றாள் துஷாந்தினி. "ரெண்டும் பெட்டையள். நெஞ்சு வருத்தம் எண்டு பேர் அடிபட்டால் நாளைக்கு ஆர் கலியாணம் கேட்டு வருவான்?"

"உன்ர மூத்தவளுக்கு எட்டு வயதடி! இப்ப ஆர் வாசலில வந்து கேட்டுக்கொண்டு நிக்கிறான்?"

"உங்களுக்கென்ன, பொடியன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இன்னும் இரண்டு வீட்டுக்கு எடுத்தாள். ஒரு வீட்டில் "நாங்கள் மச்சம் மாமிசம் தொடாத ஆக்கள்" என்றார்கள். இன்னொரு வீட்டில் "பேந்து பாப்பம்" என்றார்கள். பிறகு பார்ப்பம் என்றால் எங்கள் பாஷையில் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். சிவாஜினியின் சொல் எடுபடவில்லை. அது எடுபடுகிற சொல்லும் இல்லை என்று அவளுக்கே தெரியும். அந்தக் குடும்பத்தில் ஒரு வாய்க்குத்தான் சனம் எழும்பி நிற்கும். அந்த வாயோடுதான் அவள் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ரோசம் பார்க்கிற நேரமா இது? திரும்பவும் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போனாள். இந்த முறை கதவை மெல்லத் தட்டினாள்.

"கீர்த்திகனுக்கு இருக்கு மாமி" என்றாள். "குழாய்ச் சுவர் தடிக்கத் தொடங்கீட்டுது."

மாமியின் கை வாயில் போய் நின்றது. "ஐயோ, அந்தப் பச்சைப் பாலனுக்கோ! நான்தானே உங்களைக் கூப்பிடாமல் விட்டனான்."

"அது போகட்டும். இப்ப நீங்கள் என்னோட வாங்கோ. உங்களுக்கும் பாக்கவேணும்."

"எனக்கோ? எனக்கென்னத்துக்கு? நான் அந்த வீட்டை விட்டுக் கட்டிப்போய் நாப்பத்தைஞ்சு வரிசமாகுது."

"மாமி, உங்கட கண்மடலில மஞ்சளாக் கிடக்கெல்லோ."

மாமியின் இரண்டு கண்ணுக்கும் மூக்குப் பக்க மூலையில் மஞ்சள் நிறமாக ஒரு தடிப்பு உண்டு. லட்சுமி கடாட்சம் என்று சனம் சொல்லும். பெண் பார்க்க வந்தபோது அதைப் பார்த்துத்தான் மாமியார்க்காரி உடனே சம்மதித்தா என்று மாமியே பெருமையாகச் சொல்லுவா. "குடும்பத்தில ஆருக்கும் கண்மடலில மஞ்சள் இருக்கோ எண்டு டொக்டர் கேட்டவா" என்றாள் சிவாஜினி. மாமி விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தா. பிறகு எழும்பிப் போய்ச் சீலை மாற்றிக்கொண்டு வந்தா.

மாமிக்கும் இருந்தது. சிவாஜினி பிரெஞ்சிலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள். தகப்பன்வழி வந்தது, தம்பிமாருக்கு இருந்த அதே சாமான், கலியாணத்தோடு உடம்பை விட்டுப் போகாது. பெண்களுக்கு நெஞ்சில் பிடிக்கக் கொஞ்சம் பிந்தும், ஆனபடியால் அறுபத்தெட்டு வயதுவரை தெரியாமல் ஓடியிருக்கிறது. இனி மருந்து எடுக்க வேண்டும். மாமி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டா. அவவின் கண் கலங்கிவிட்டது. பயத்தில் கலங்கினதாக்கும் என்று டொக்டர் கையைத் தட்டிக்கொடுத்தா.

"அப்ப நான் இன்னும் அருளம்பலத்தின்ர அக்காதான்" என்றா மாமி. "இவ்வளவு காலமும் நான் வேற வீட்டு ஆள் எண்டெல்லோ நினைச்சன். தம்பியின்ர செத்தவீட்டில தூரத்துச் சொந்தம் மாதிரித் தள்ளி நிண்டனான் பிள்ளை. கிட்டப்போய் அழக்கூட இல்லை."

சிவாஜினிக்கு மாமியில் இருந்த கோபம் முழுக்க அந்த நிமிஷம் செத்துப்போனது. அவவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மாமி ஆடின ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போனை எடுத்தா. மாமியின் போன் என்றால் எல்லா வீட்டிலும் நெஞ்சு பக்கென்னும். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். எடுத்த உடனேயே மறுபக்கத்தில் "ஐயோ, ஆர் மாமி?" என்று குரல் உடைந்துவிடும்.

"ஒருத்தரும் சாகேல்லை, அழாத" என்பா மாமி. "இது சாகாமல் இருக்கிறதுக்கு எடுக்கிற போன். வாற சனிக்கிழமை உன்ர பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா. இது எங்கட வீட்டு வருத்தம். பெட்டைக்கும் வரும், பெட்டையின்ர பிள்ளையளுக்கும் வரும். எனக்கும் இருக்கு."

துஷாந்தினி அவவிடமும் கலியாணக் கதையை எடுத்தாள். மாமி விட்டாவே! "எடி, வருத்தம் தெரிஞ்சு மருந்து எடுக்கிற பெட்டையைக் கட்டுறவன் கெட்டிக்காரன். தெரியாமல் கட்டுறவன்தான் பிறகு தலையில கைவைப்பான். பேசாமல் வா. கலியாணப் பேச்சு வரேக்க நான் இருந்து பேசுறன்." அந்த வாய்க்கு மறுபேச்சுக் கிடையாது. துஷாந்தினி வந்தாள்.

தூரத்தில் இருந்த ஆட்களுக்கு அங்கங்கே டொக்டர்மாரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மொன்றியல் ஆட்களை எல்லாம் ஒரே சனிக்கிழமை வரவழைத்தா மாமி. டொக்டர் அதற்கென்றே கிளினிக்கைத் திறந்து வைத்திருந்தா. கட்டிக் கொடுத்த பெண்கள், அவர்களின் பிள்ளைகள், காரோட்டி வந்த மருமகன்மார், ரொட்டி, ரோல்ஸ், ஃபிளாஸ்கில் தேத்தண்ணி. கலியாண வீடு தோற்றுப்போகும். ஊசிக்குப் பயந்து வீரிட்ட குஞ்சுகளை ஒன்றொன்றாய் மடியில் வைத்து, பிரெஞ்சிலும் தமிழிலும் கதை சொல்லிச் சொல்லிக் கையை நீட்ட வைத்தாள் சிவாஜினி. நேர்ஸ்மார் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்த பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இருந்தது. துஷாந்தினியின் மூத்தவளுக்கு இருந்தது, சின்னவளுக்கு இல்லை. துஷாந்தினி சிவாஜினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் நன்றியும் இருந்தது, வெட்கமும் இருந்தது. "காணும் காணும், என்ர ஜக்கெற்றை நனைக்காத" என்று சிவாஜினி அவளைத் தள்ளிவிட்டாள். சந்தோசத்தில் அவளுக்குப் புழுகம் வந்தால் அப்படித்தான் கதைப்பாள்.

முதல் ஸ்கானிலிருந்து கீர்த்திகனுக்கு நாளுக்கு ஒரு மருந்துக் குளிசை. பல்லுத் தீட்டுகிற மாதிரி அது ஒரு வேலை அவனுக்கு, அவ்வளவுதான். சிவாஜினிக்குத்தான் அப்படியில்லை. அவன் ஹொக்கி விளையாடி மூச்சு வாங்கினால் இவளுக்கு மூச்சு நின்றுவிடும். படியேறினால் பின்னால் நின்று பார்ப்பாள். குளிசை கேட்கிறதோ இல்லையோ, சுவர் என்ன செய்கிறதோ என்ற யோசனை கார்டெரியில் பிள்ளைகளுக்குச் சோறு தீத்துகிற நேரத்திலும் அவளை விடவில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்ப ஸ்கான் பண்ணலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தா. அந்த இரண்டு வருஷமும் அவள் எப்படி இருந்தாள் என்று கிறிஸ்தோப்பரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த வருஷம் அந்த நாள் வந்தது. மாமியும் அடம்பிடித்துக்கொண்டு கூட வந்தா. ஆட்கள் நிறைந்திருந்த அறையில் அவவை இருத்திவிட்டு, தாயும் மகனும் உள்ளே போனார்கள். அதே ஜெல்லி, அதே திரை. பதினொரு வயதுப் பெரிய மனுசன் இப்போது நெளியவில்லை, விறைப்பாகக் கிடந்தான். டொக்டர் அளந்தா. பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துத் திரும்ப அளந்தா.

"கூடவில்லை" என்றா டொக்டர். "ஒரு மயிரளவும் கூடவில்லை. இப்போது இது இவன் வயதுப் பிள்ளைகளின் சுவர்தான்." பிறகு கீர்த்திகனைப் பார்த்து, "மருந்தை மட்டும் விடாதே, தம்பி. ஒருநாள் நீயும் என்னைப்போலத் தலை நரைத்து, முழங்கால் நோகிறது என்று யாரிடமாவது முறைப்பாடு சொல்லுவாய்" என்று சிரித்தா.

அவன் "முழங்காலா?" என்று அருவருப்பாக முகத்தைச் சுளித்தான். சிவாஜினிக்கு வேறொன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு மகனோடு வெளியே வந்தாள். மாமி எழும்பி நின்றா. சிவாஜினி அவவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மாமி, இவன் கிழவன் ஆவானாம்."

மாமி கீர்த்திகனை இழுத்து நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அந்த அறையில் இருந்த ஹெயிற்றிக்காரர், இத்தாலியர், கியூபெக்காரர் ஒருவரையும் பார்க்காமல் சத்தம் வைத்தா: "கேட்டீங்களே சனங்கள்! எங்கட அருளம்பலத்தின்ர பேரன் கிழவன் ஆவான்! எங்கட வீட்டில ஒரு கிழவன் இருக்கப்போறான்!"

கீர்த்திகன் வெட்கத்தில் தொப்பியை இழுத்து முகத்தை மூடினான். மேசைக்குப் பின்னாலிருந்த நேர்ஸ் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடவேண்டாம் என்று சைகை காட்டினா. சிவாஜினி மாமியை அடக்கவில்லை. கத்தட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றாள்.